விடுபட்ட இருபத்தாறு வீடுகள்

இன்று காலை பள்ளி ஆபீசில் ஒருவர் வெள்ளை மைப் புட்டியைத் திறந்தார். எழுத்துப் பிழையை மறைக்கப் பூசுகிற மை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே போய்விட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்டதை எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

கல்லூரி மேடையில் நாம் எதிரெதிர் அணியில் பேசியவர்கள். படிப்பு முடிந்து நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தேன். நீ லெப்பைக்குடிக்காட்டிலிருந்து, உன் ஊர்க்காரர்கள் பலரைப் போல, துபாய் போனாய். அங்கே ஓர் அரங்கில் நாற்காலி போடப் போன இடத்தில், பல நாட்டுப் பிள்ளைகள் கூடிய விவாதப் போட்டியைப் பார்த்திருக்கிறாய். விடுமுறையில் வந்தவன் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாய்.

“பதினாறு வயசுப் பிள்ளைங்க மாப்ள. எதிராளி பேசுறத முழுசாக் கேட்டுட்டுத்தான் பதில் சொல்லுதுங்க. இத நம்ம ஊருக்குக் கொண்டாரணும்டா.”

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. திரும்பிப் போகாமல் ஒரு வருடம் இதற்காகவே அலைந்தாய். எங்கள் பள்ளித் தாளாளரைத் தலைவராக வைத்து ஒரு குழு அமைத்தோம், நான் செயலாளர். போட்டியை நம் ஊருக்குக் கேட்கும் விண்ணப்பத்தை வரிக்கு வரி நீ சொல்ல, நான் எழுதினேன். அரியலூரில் அரங்கம் கிடைத்தது. பிள்ளைகளைத் தங்கவைக்கத்தான் நல்ல இடம் இல்லை. அதற்கும் நீயே வழி கண்டாய். ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, அறைகள் பூட்டிக்கிடந்த உன் ஊர் வீடுகள். வெயிலில் தெருத்தெருவாக ஏறி இறங்கி இருபத்தாறு வீடுகளில் சம்மதக் கையெழுத்து வாங்கினாய்.

அனுப்புவதற்கு முதல் நாள் தாளாளர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

“அந்த வீடெல்லாம் வேணாம் சார். அவங்க தெருவுல தங்கவச்சு, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? விண்ணப்பத்துல முதல் பக்கத்துல உங்க ஃப்ரெண்டு பேரு இருக்கறதும் வேணாம். புரியுதுல்ல?”

புரிந்தது. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் மறுத்துப் பேசிப் பரிசு வாங்கியவன், “சரிங்க சார்” என்றேன். என் வேலை அவர் கையில் இருந்தது. உன் பெயர்மீது வெள்ளை மையைப் பூசியது நான்தான். வீடுகளின் பட்டியல் இருந்த தாளையும் உருவினேன். நீ கேட்டபோது, டைப் அடித்தவர் விட்டுவிட்டார் என்றேன். “சரி விடு. வேலை நடக்கட்டும்” என்றாய்.

நடக்கவில்லை. போட்டியை நடத்தும் அமைப்பிலிருந்து பார்வையிட வந்தவர்கள் முதலில் கேட்டதே, பிள்ளைகள் எங்கே தங்குவார்கள் என்றுதான். தாளாளர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். பதில் தெரிந்த நீ கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாய். ஒரு மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அடுத்த வாரமே நீ மறுபடி துபாய் போய்விட்டாய்.

இரண்டாம் வருடம், கட்டட வேலையிடத்தில் சாரம் சரிந்து நீ இறந்தாய். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்குப் போனேன். துக்க காலம் என்பதால் உன் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

“அண்ணே, பேரு எப்படி விட்டுப்போச்சுன்னு அவங்களுக்கு அன்னிக்கே தெரியும். தாளாளர் வூட்டு டிரைவர் சொல்லிட்டாரு. ‘அவனா வந்து சொல்லட்டும், நாம கேட்டுச் சங்கடப்படுத்த வேணாம்’னாங்க. போன்ல பேசுறப்பல்லாம், அவன் வந்தானான்னு கேப்பாங்க.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கொடுத்த டீயைக் குடித்து முடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன். உன் மகள் செருப்பில்லாமல் தெருமுனை வரை கூடவே வந்தாள். “போயிட்டு வாங்க மாமா” என்றாள். வருகிறேன் என்று தலையாட்டினேன்.

அவளுக்கு அப்போது ஏழு வயது. இங்கிருந்து உன் ஊருக்கு நேர் பஸ் இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை.