பனி என்று எழுதினார்கள், மச்சான்

மச்சான்,

இன்று போகி. விடியற்காலையில் தெருவெல்லாம் டயர் எரிந்துகொண்டிருந்தது. டீக்கடைக்குப் போகும் வழியில் எதிரே வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வயதுக்கு மரியாதை வந்துவிட்டது என்று நானும் ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டே போனேன். டீ மாஸ்டர்தான் கண்ணாடியைக் காட்டினார். மூக்குக்குக் கீழே கரி அப்பி, நரைத்த மீசை கன்னங்கரேலென்று இருந்தது.

"இன்னா நைனா, டை அட்ச்சிக்கினு வந்துட்ட!" என்றவர், கண்ணைக் கசக்கியபடி, "இன்னா பனி பாரு இன்னிக்கு" என்றார்.

பனி. ரப்பர் நாற்றத்தோடு அந்தச் சொல்லும் உள்ளே போனதும் தொண்டை எரிந்தது. நீ இருந்திருந்தால் அந்த டீ கிளாஸைத் தரையில் அடித்திருப்பாய்.

அப்போது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் சைக்கிள் கடை. கடைச் சுவரை ஒட்டி உங்கள் ஆலைத் தொழிற்சங்கத்தின் கரும்பலகை. நீ தினமும் டீக்கடையில் எல்லாக் கட்சிப் பத்திரிகைகளையும் மேய்ந்துவிட்டு வந்து, முக்கியமான செய்தியைச் சாக்பீஸால் எழுதுவாய். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிப் படித்துவிட்டுப் போவார்கள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த எனக்கும் அதுதான் பத்திரிகை. பஞ்சர் ஒட்டியபடி ஓசியில் படித்தேன்.

ஒரு மார்கழி சாயங்காலம், நீ வேலை பார்த்த ஈய ஆலையின் புகைக்குழாய் வெடித்தது. மஞ்சளும் கறுப்புமாகப் புகை தெருவில் இறங்கியது. நாய்கள் வாந்தியெடுத்தன. கடை வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஐந்து வயது. உதடு நீலம். ஆலையிலிருந்து இருமியபடி ஓடி வந்த நீ, அவளைத் தூக்கிக்கொண்டு என் சைக்கிள் கேரியரில் ஏறினாய். "மிதி மாமே, மிதி!" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் என் முதுகில் குத்திக்கொண்டே வந்தாய். இறங்கிப் பார்த்தால் என் சட்டையில் அவள் வாந்தியும் உன் வாந்தியும். பிழைத்துவிட்டாள். மூச்சிழுப்பு மட்டும் அவளோடு தங்கிவிட்டது.

மறுநாள் காலையில் பத்திரிகைகளை என் கடைக்கே கொண்டுவந்து வாசித்தாய். ஆளும்கட்சிப் பத்திரிகையில், 'கடும் பனிமூட்டம், சிலருக்கு லேசான மூச்சுத்திணறல்.' எதிர்க்கட்சிப் பத்திரிகையில், 'விஷ ஆட்சியே, பதவி விலகு!' மந்திரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஆலையின் பெயரைத் தேடினோம். கடைசிப் பக்க விளம்பரத்தில் கிடைத்தது. அதற்குள் உங்கள் சங்கச் செயலாளர் வந்துவிட்டார்.

"தோழர், நிர்வாகத்தோட லாபவெறின்னு பொதுவா எழுதுங்க. புகைன்னு எழுதாதீங்க. ஆலைய மூடிட்டான்னா நம்ம வீட்ல அடுப்பு எரியாது."

"ஒர்த்தனுக்குப் பனி, ஒர்த்தனுக்கு மந்திரி, உங்களுக்கு லாபவெறி. கொயந்தைக்கு மட்டுந்தான் புகையா?" என்று கேட்டுவிட்டு எழுதினாய்: 'நேற்று எங்கள் ஆலை விட்ட புகையில் பிள்ளைகள் விழுந்தார்கள். அது பனி அல்ல. குழாய் ஓட்டை என்பது உள்ளே வேலை செய்யும் எங்களுக்கும் முன்பே தெரியும்.'

அடுத்த நாள் நீ பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் உன் சங்கத்துப் பையன்கள். ஒருவன் ஆலைக் காண்ட்ராக்டரின் ஆள், உலையடியில் நிற்பவன். அவன் கையில் சைக்கிள் செயின். "எந்தக் கையில டா எய்துவ?" என்றான். நீ கொஞ்சமும் யோசிக்காமல் இடது கையை நீட்டினாய். அதை என் கடைப் படியில் வைத்து மிதித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. செயின் உன் முகத்தில் விழுந்து காது கிழிந்தது. பலகையைப் பிடுங்கி உன் தலையிலேயே உடைத்தார்கள்.

ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள் நான். கையில் டயர் கழற்றும் இரும்பு எப்படி வந்தது என்று தெரியாது. செயின்காரன் மண்டையில் அடித்தேன். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். 'என் பொண்ணு, என் பொண்ணு' என்று கத்தியபடியே அடித்தேனாம். ரத்தம் என் வாயில் தெறித்து உப்புக் கரித்தது.

மறுநாள் எல்லாக் கட்சிப் பத்திரிகைகளும் ஒற்றுமையாகிவிட்டன. 'அம்பத்தூரில் பயங்கர ரவுடி வெறியாட்டம்.' ரவுடி நான்தான். "பல்லியப் பாத்தா கட்டில் மேல ஏறுற மனுசன், ரவுடியாம்!" என்று என் பெண்டாட்டி அழுதுகொண்டே சிரித்தாள். புகை மட்டும் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. என் இரும்பு அதை மூடிவிட்டது.

உன் பலகையாவது என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். உடைந்த பலகையைக் கம்பியால் கட்டி, மாவுக்கட்டுப் போட்ட இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையால் எழுதியிருந்தாய். உன்னை அடித்த மூவரின் பெயர்கள். அதற்குக் கீழே, 'சைக்கிள் கடைக்காரர் இரும்பால் ஒருவர் மண்டையை உடைத்தார். உடைபட்டவருக்கும் ஆலை இருமல் உண்டு.'

"என்னையுமாடா எய்துவ?" என்று கத்தினேன்.

"யார் அட்ச்சாங்கன்னு எய்தாம உட்டா, நானும் அவுங்க பேப்பர்தான் மாமே. உனுக்கு மட்டும் பனின்னு எய்தவா?"

அன்றே போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போனது. உள்ளே வைத்திருந்த நாளெல்லாம் ஸ்டேஷனுக்கு நீதான் சோறு கொண்டுவந்தாய். சாம்பாரில் உப்பு இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஆலை ஒரு புதுக் குழாய் போட்டது, இன்னும் உயரமாக. உன் இருமலும் அதோடு போட்டி போட்டு வளர்ந்தது. கடைசி மாதங்களில் துண்டில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "வெத்தல மாமே, வெத்தல" என்று கண்ணடிப்பாய். வாழ்க்கையில் நீ சொன்ன பொய்கள் இரண்டுதான்: அந்த வெற்றிலை, அந்த இடது கை.

உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன நாளில் ஒரு நிருபர் வந்தார். எப்படி இறந்தார் என்று கேட்டார். "இயற்கை மரணம்னு போட்டுக்குங்க" என்றார் சங்கச் செயலாளர். நிருபர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான அவரோட ஃபிரண்டு?"

வாயைத் திறந்தேன். என் மகள் பக்கத்தில் நின்று என் விரலைப் பிடித்திருந்தாள். அழுததில் அவளுக்கு இழுப்பு கிளம்பியிருந்தது. நெஞ்சுக்குள் உன்னுடைய அதே விசில். வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். இன்று காலையும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்று அவள் காதில் விழக் கூடாது என்று விழுங்கியது இன்னும் என் தொண்டையில்தான் இருக்கிறது:

உன்னைக் கொன்றது அந்த ஆலையின் புகை.