மூடின கெணறு

தேவகி அப்பாவுக்கு,

பொண்ணு போன பிறகும் வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலீங்க.

காரியம் முடிஞ்சு நீங்க செய்யார் கம்பெனிக்குப் போன அன்னிக்கே சேர்மன் துக்கம் கேக்க வந்தாரு. நான் அழுததைப் பார்த்து, அவ விழுந்த தெருக் கெணத்தைப் பலகைக்கல்லு போட்டு மூடிட்டாரு.

இப்போ நம்ம தெருவுல சாயம் போட்ட பட்டை அலசத் தண்ணியில்ல. பொம்பளைங்க குடத்தோட ஆத்துக்கு நடந்துகினு இருக்காங்க. யாரும் என்னைத் திட்டல. திட்டினாத் தேவலாம்.

கெணத்தைத் திறந்து கம்பி வலை போடுங்கன்னு கேக்க சேர்மன்கிட்ட போனேன். வாயைத் திறந்தா அழுகைதான் வந்துச்சு. அவரும் கண்ணைத் தொடச்சிகினு, "அழாதம்மா, ஊர்ல மிச்சம் இருக்கிற கெணத்தையும் மூடிடறோம்"ன்னாரு.

ஜல்தி வாங்க. நீங்க பேசுங்க.

அவர் எதிர்ல நீங்களும் அழுதுடாதீங்க.

இப்படிக்கு,
அவ அம்மா