சட்டைப்பையில் அடாப்டர்

மார்ச் 4, செவ்வாய்

கடையின் பழைய கம்ப்யூட்டர் ஒருவழியாகக் கண்ணை மூடியது. புதியது வந்துவிட்டது. ஆனால் கலர் மெஷினின் தடித்த ஒயரைச் செருக அதில் இடமே இல்லை. கம்ப்யூட்டர் சொல்லாமல் அந்த மெஷின் ஒரு சொட்டுச் சாயம் விடாது. சாயம் கலக்காத பெயின்ட் கடைக்கு யார் வருவார்கள்?

மச்சினன் போய் ஒரு யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் வாங்கிவந்தான். கட்டைவிரல் அளவுதான். ஒரு முனை கம்ப்யூட்டரில், மறுமுனை மெஷின் ஒயரில். மாட்டியதும் ஓடியது.

"விலை கம்மியானதுதான் இருந்துச்சு அத்தான். இப்போதைக்கு ஓட்டலாம்."

இப்போதைக்கு என்றால்? எது வரைக்கும் என்று அவன் மனதில் ஒரு கணக்கு இருக்கிறதா?

மார்ச் 6, வியாழன்

டீ குடித்துவிட்டு வந்தால், பெயின்ட் கம்பெனி விற்பனையாளரும் மச்சினனும் பக்கெட் அடுக்குக்குப் பின்னால் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "தனிக்கடைன்னா" என்பது மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. என்னைப் பார்த்ததும் மழையைப் பற்றிப் பேசினார்கள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

வீட்டில் மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். "உன் தம்பி ஏதாவது சொன்னானா?"

"எதைப் பத்தி?"

"சும்மாதான்."

அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் இவள். அவனைப் பற்றி அரை வார்த்தை சொன்னாலும் வீட்டில் எனக்கு நிம்மதி இருக்காது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையில் மெஷின் அசையவில்லை. திரையில் அடாப்டரின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், உள்ளே ஒரு ஆச்சரியக்குறி. ஆச்சரியப்பட வேண்டியவன் நான்.

மச்சினன் வந்து எட்டிப் பார்த்தான். "அப்டேட் ஆகியிருக்கு அத்தான். டிரைவர் மாறிப்போச்சு. அதுதான் அடாப்டர் என்ன பேசுதுன்னு கம்ப்யூட்டருக்குப் புரியல." பழைய டிரைவரை மறுபடி ஏற்றினான். என் டீ ஆறுவதற்குள் மெஷின் எழுந்துவிட்டது. காத்திருந்த வாடிக்கையாளர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் தட்டவில்லை.

இவ்வளவு சீக்கிரம் சரிசெய்யத் தெரிந்தவனுக்கு, அதைக் கெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கடைக்கு இரண்டு சாவி. ஒன்று அவனிடம்.

மார்ச் 11, செவ்வாய்

மாலையில் அவன் போனதும் அடாப்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இனி கடைக்குள் யார் வந்து என்ன செய்துவிட முடியும்? துவைக்கச் சட்டையை எடுத்தவள், "இது என்னங்க, குட்டி வால் மாதிரி?" என்றாள்.

"கடைச் சாமான். தண்ணி படாம வை."

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 13, வியாழன்

அவனுக்கு முன்னால் கடைக்குப் போய், மேஜைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, கம்ப்யூட்டரில் கைக்கு அகப்பட்ட ஓட்டையில் அடாப்டரைச் செருகிவைத்தேன். நேற்று இப்படித்தான் செய்தேன், ஓடியது. இன்று "போர்ட் கிடைக்கவில்லை" என்கிறது.

மச்சினன் ஏதேதோ திறந்து பார்த்தான். "போர்ட் நம்பர் காம் மூணுன்னு இருந்தது, இப்ப காம் அஞ்சுன்னு காட்டுது. நம்பர் தானா மாறாதே." மெஷினுக்கான மென்பொருளில் ஐந்து என்று மாற்றினான், ஓடியது. பிறகு என் பக்கம் திரும்பினான். "அத்தான், நீங்க இதைக் கழட்டி மாட்டுனீங்களா?"

ஆழம் பார்க்கிறான். கழற்றினேன் என்றால் ஏன் என்று கேட்பான். உன்னை நம்பாமல்தான் என்று சொல்ல முடியுமா?

"நான் ஏன் தொடப்போறேன்?" என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டே போனான். நன்றாக நடிக்கிறான்.

மார்ச் 17, திங்கள்

ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் மக்கர் செய்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. அவன் சீக்கிரம் வருகிற நாளில்தான் மெஷின் நிற்கிறது. தாமதமாக வந்தால் ஓடுகிறது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை மட்டும் இதற்குப் பொருந்தவில்லை. அன்று எனக்கே உடம்பு சரியில்லை, அதனால் சேர்க்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கடை நேரம் முடிந்தும் அவன் கிளம்பவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போனால்தான் நான் கழற்ற முடியும். அதனால் அடுக்கிவைத்த பிரஷ்களையே மறுபடி மறுபடி அடுக்கினேன்.

"நீங்க போங்க அத்தான், நான் பூட்டிக்கிறேன்."

"பரவாயில்ல, நீ போ. நான் பூட்டிக்கிறேன்."

இரண்டு பேரும் நகரவில்லை. கடைசியில் அவன்தான் எழுந்தான். "கழட்டாம நம்பர் மாற வாய்ப்பே இல்ல அத்தான். எங்க தப்புன்னே தெரியல. மண்டை காயுது." அவன் முகத்தில் உண்மையாகவே களைப்பு. ஒரு கணம் எனக்கே பாவமாக இருந்தது. பிறகு தனிக்கடை ஞாபகம் வந்தது.

மார்ச் 20, வியாழன்

மருத்துவமனைச் சுவருக்கு வெளிர்பச்சை, பெரிய ஆர்டர். பாதி பக்கெட்டுகள் நேற்றே போய்விட்டன. மீதியை இன்று கலக்க வேண்டும், மெஷின் எழவில்லை. மச்சினன் டெலிவரிக்குப் போயிருந்தான். கூப்பிட்டால் வந்திருப்பான். கூப்பிடவில்லை. அவன் காலில் விழுந்துதான் என் கடையில் நான் பிழைக்க வேண்டுமா?

கையாலேயே சாயம் ஊற்றிக் கலக்கினேன். எனக்கு அனுபவம் இல்லையா என்ன? மாதிரி அட்டையோடு ஒட்டிப் பார்த்தேன். அதேதான்.

மார்ச் 22, சனி

அதே இல்லையாம்.

பெயின்டர் கடை நடுவில் நின்று கத்தினார். "பாதிச் சுவர் பச்சை, பாதிச் சுவர் பாசி! டாக்டரம்மா என்னைக் கேக்குறாங்க, நான் யாரைக் கேக்க?" வாடிக்கையாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சினன் ஓடிவந்து, "மெஷின் நின்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அத்தான்" என்றான்.

அவ்வளவுதான், எனக்குள் என்னவோ அறுந்துபோச்சு. வாய்க்கு வந்ததெல்லாம் கொட்டிட்டேன். "நிறுத்துறவனே நீதானடா! உன் தனிக்கடைக்கு என் கடையைக் குழிதோண்டிப் புதைக்கப் பாக்குறியா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சியா?"

அவன் தன்னிடம் இருந்த சாவியைக் கல்லாமேல் வைத்தான். மாட்டியிருந்த தன் குடையைக்கூட எடுக்காமல் போனான். பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில் அவள் தட்டை என் முன்னால் தள்ளிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது.

சாவிக்கு நகல் எடுத்திருந்தால்? திரும்பப் போய் புதுப்பூட்டு போட்டுவிட்டு வந்தேன். அடாப்டர் பையில் இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

புதுப்பூட்டு அப்படியே இருந்தது. கடையில் நான் மட்டும். அடாப்டரைச் செருகினேன்.

போர்ட் கிடைக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது யாரைச் சொல்வது?

அவன் திறப்பதைப் பார்த்த ஞாபகத்தில் கம்ப்யூட்டரில் போர்ட் எண்கள் இருக்கும் பட்டியலைத் திறந்தேன். காம் ஆறு. மேஜைக்கு அடியில் டார்ச் அடித்து, அடாப்டரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினேன். காம் மூன்று. அதற்கும் அடுத்த ஓட்டை, காம் ஐந்து. திரும்ப முதல் ஓட்டை, மறுபடி ஆறு. ஓட்டைக்கு ஒரு எண். நான் எந்த ஓட்டையில் செருகுகிறேனோ அந்த எண். தினமும் காலையில் என் கைதான் எண்ணை மாற்றியிருக்கிறது. அவன் பாவம், கடைசியாகப் பார்த்த எண்ணை மென்பொருளில் போட்டுவிட்டுப் போவான். மறுநாள் நான் வேறு ஓட்டையில் செருகிவைத்துவிட்டு, அவனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஐயோ. என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கேன்.

மார்ச் 25, செவ்வாய்

அவளிடம் சொன்னேன், ஒன்றும் மறைக்காமல். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கழட்டுனீங்களான்னு அவன் உங்ககிட்ட கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 27, வியாழன்

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய பெயின்ட் கடையில் சேர்ந்திருக்கிறான். அந்தக் கடையின் பெயர் போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் முகம் கடுக்கவில்லை, வெளியே வந்து நின்றான். நின்றபடியே எல்லாம் சொன்னேன். சட்டைப்பை, ஓட்டை, எண், பொய். மன்னிச்சிடு என்றும் சொன்னேன். என் வாயில் அந்த வார்த்தை அவனுக்கும் புதிது.

"ஓ, அதான் மாறுச்சா" என்றான். அவனுக்கு அந்தப் புதிர் அவிழ்ந்ததில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. பிறகு சொன்னான்: "தனிக்கடை யோசிச்சது நிஜம்தான். உங்களைக் கேக்காம போட்டிருக்க மாட்டேன்."

"இப்ப நம்புறேன். வந்துடு."

"இன்னைக்கு அந்த ஓட்டை சாட்சி சொல்லிச்சு, நம்புறீங்க அத்தான். நாளைக்கு வேற ஒண்ணு நிக்கும். அப்ப சாட்சி இல்லாம போனா?"

உள்ளேயிருந்து அவனைக் கூப்பிட்டார்கள், போனான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மதியம் வீட்டுக்கு வந்தான். அக்கா கூப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்டான், இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டான். மருத்துவமனைச் சுவரை முழுவதும் மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டேன் என்றேன். "நல்லது அத்தான்" என்றான். பேச்சில் ஒரு குறையும் இல்லை.

இந்த வீட்டில் அவன் போனை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. எப்போதும் அக்காதான் தேடிக் கொடுப்பாள். இன்று சாப்பிட்டு எழுந்தவன், எச்சில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போனை மேஜையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கைகழுவப் போனான். மேஜையில் அப்போது நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன்.