உச்சியைப் பார்க்காத ரேடார்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

அடுத்த வாரம் உங்கள் கண் ஆபரேஷனுக்கு வந்துவிடுவேனா என்று கேட்டீர்கள். லீவு வாங்கிவிட்டேன், இங்கே வேலை முடிந்தால் கிளம்பலாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அம்மாவின் முழங்கால் தேவலையா?

நான் நலம். ரயில் சுரங்கத்தின் கான்கிரீட் உட்சுவருக்குப் பின்னால் இடைவெளி இருக்கிறதா என்று ரேடார் வைத்துப் பார்க்கிறோம். ஈரக் கான்கிரீட் கீழே இறங்கிவிடும் என்பதால், இடைவெளி பெரும்பாலும் உச்சியில்தான் விழும். எங்கள் மேனேஜர் என்கிற மேதாவி, கைக்கு எட்டிய பக்கச் சுவர்களில் மட்டும் ரேடாரை ஓட்டிவிட்டு, குறையே இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டார். தலைவலிக்குக் காலைப் பார்க்கிற டாக்டர்!

நான் சாரம் கட்டச் சொல்லி ஏறி உச்சியில் ரேடாரை ஓட்டினேன். திரையில் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது.

"அது சும்மா ஈரம் மேடம். அறிக்கையில கையெழுத்தப் போட்டுட்டு அப்பாவப் பாக்கக் கிளம்புங்க. மேல யாரு ஏறிப் பாக்கப் போறா?" என்றார் மேனேஜர்.

"ரயில்ல போறவங்க தலைக்கு நேர் மேல இருக்கு சார்," என்றேன். கையெழுத்துப் போடவில்லை. நாளை துளை போட்டுப் பார்ப்பார்கள்.

என் பழைய மூக்குக் கண்ணாடியை அனுப்புங்கள். அம்மாவை எதையாவது பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சண்டையானாலும் பரவாயில்லை. சைட்டுக்குப் போகிற வண்டி வந்துவிட்டது, மீதியை நாளை எழுதுகிறேன்.

மறுநாள்: ஒரு சாண் கான்கிரீட்டைத் தாண்டியதும் டிரில் வெறும் காற்றில் பாய்ந்தது. "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்று மேனேஜர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இடைவெளியை நிரப்பி முடிக்கும்வரை என் லீவு ரத்து. ஆஸ்பத்திரிக்குத் தம்பியோடு போய்வாருங்கள், அப்பா.