ஏழாலையில் எப்போது மழை

ஸ்ட்ரெதம், லண்டன்
3.2.1991

என் அன்பு அருமைநாயகிக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளை வத்சலாவும் வெள்ளவத்தையில் டொலறஸ் அக்கா வீட்டில் இருப்பது பெரிய ஆறுதல். இங்கே எலும்புக்குள் இறங்கும் குளிர். பெற்றோல் நிலைய ஷிப்டுக்கு இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு போகிறேன்.

இருபதாம் திகதி விசா நேர்முகம், என்ன கேப்பினமோ எண்டு நெஞ்சு இடிக்குது என்று டெலிபோனில் சொன்னீர். பக்கத்தில் ஆட்கள் நின்றதால் நான் வாய் திறக்கவில்லை. இதைக் கொழும்புக்குப் போகும் ஒருவர் கையில் தந்துவிடுகிறேன். அருமை, நான் ஒரு விசர்வேலை செய்துவிட்டேன்.

என்னுடைய அகதி நேர்முகத்தில் நாட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்றார்கள். பரீட்சை என்றால் பாடமாக்காமல் இருக்க நமக்கு ஏலுமா? நூலகத்தில் இலங்கையைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து இரண்டு கிழமை பாடமாக்கினேன். கிரேக்கர் தப்ரபேன் என்றார்களாம், அராபியர் செரண்டிப், போர்த்துக்கேயர் வாயில் நுழையாத ஒன்று, ஆங்கிலேயர் சிலோன், எழுபத்திரண்டில் ஸ்ரீலங்கா. வந்தவன் போனவன் எல்லாம் பெயர் வைத்திருக்கிறான். பிறகு காடு, ஆறு, யானை என்று முந்நூறு பக்கம். நம்முடைய யாழ்ப்பாணத்துக்கு அரைப் பக்கம்கூட இல்லை.

பிறந்தது சிலோன், கலியாணம் முடித்தது ஸ்ரீலங்கா, எப்போது நாடு மாறினீர் என்று அதிகாரி கேட்டார். நான் ஏழாலையை விட்டு அசையவில்லை, பெயர்தான் மாறியது என்றேன். சிரித்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்து, ஊரில் எப்போது மழை, எந்த ஆறு என்றதும் புத்தகத்தை அப்படியே ஒப்புவித்தேன். மே மாதம் மழை என்றேன். தெற்கில் ஓடும் களு கங்கையை எங்கள் ஆறு என்றேன். வீட்டுக்குப் பின்னால் கறுவா மரம் நிற்கிறது என்றும் சொன்னேன்! செம்மண்ணும் கிணறும் பனையும் வாயில் வரவேயில்லை. அவரிடம் யாழ்ப்பாணத்தைப் பற்றிய குறிப்புகள் இருந்தன. பேனையை மூடி வைத்துவிட்டார். நான் அந்த ஊரவனே இல்லை என்று சந்தேகம். உம்முடைய பதிலையும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம்.

இங்கே படிவம் நிரப்பித் தரும் மலேசியாக்காரர் கார்த்திகேசு, உங்க மனைவியும் அதையே சொல்லட்டும், ரெண்டு பேர் பேச்சும் ஒத்துப்போகணும் என்கிறார். அப்படியே உமக்கு ஒரு கடிதம் எழுதி மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பிள்ளையிடமும் கேட்பார்களே என்று பிறகுதான் உறைத்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு உன் ஊரில் ஆறு ஓடுகிறது என்று சொல்லிக்கொடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. கிழித்துப் போட்டேன். பாடமாக்கிச் சொன்னேன், மன்னியுங்கள் என்று நேற்று அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆகையால் நீர் கண்டதை மட்டும் சொல்லும். மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். ஆறு கிடையாது. வெங்காயத்துக்குக் கிணற்றிலிருந்துதான் இறைப்போம். பிள்ளையும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும், இடையில் திருத்த வேண்டாம். உம்முடைய கணவர் பொய் சொன்னாரா என்று கேட்டால் என்னை நினைத்துத் தயங்காதேயும். ஓம் என்று சொல்லிவிடும்.

உம்மை நம்பியிருக்கும்,
குலசேகரம்