எழுந்து நடங்கள்

அபிராமபுரம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள நிஷா அப்பாவுக்கு, பூங்காவனம் வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். போளூரில் நீங்களும் நிஷாவும் சுகம்தானே? சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா? போனில் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் துணி துவைக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டேன். பயப்படாதீர்கள், சிராய்ப்புதான். ஆனால் முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. சுப்புலக்ஷ்மி மாமி ஓடி வந்து, "என் கையைக் கெட்டியாப் பிடிச்சுண்டு எழுந்திரு" என்று ஒரே இழுப்பில் நிறுத்திவிட்டார். அவருக்கு எண்பது வயது. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்!

"எப்படி மாமி?" என்றேன்.

"கல்யாணமான நாள்லேர்ந்து தினம் காலம்பற நடக்கறேன், குனிஞ்சு நிமிர்றேன். விட்டதே இல்லடி."

மறுநாளிலிருந்து நானும் மாமியோடு பார்க்குக்கு நடக்கப் போகிறேன். முதலில் மூச்சு வாங்கியது. இப்போது கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறுகிறேன்.

நீங்களோ மில் வேலை நின்றதிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்தே இருக்கிறீர்கள். கால் மரத்துப்போகிறதாமே? நிஷா போனில் சொல்லி அழுதாள். டாக்டர் சொன்னபடி நடங்கள். வயதாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். செருப்பில்லாமல் மட்டும் போகாதீர்கள்.

என் தொளதொள ரவிக்கைகளை அனுப்புங்கள். கையைத் தூக்கினால் இங்கிருப்பவை இறுக்குகின்றன. முகம் துடைக்க உங்கள் துண்டு ஒன்றும் வேண்டும். புதுசு வேண்டாம், நீங்கள் போட்டுக்கொண்டதே போதும்.

பொங்கலுக்கு வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீங்களே நடந்து வந்து அழைத்துப்போக வேண்டும். ஆட்டோ அனுப்பினால் ஏற மாட்டேன்.

மாமி ஷூ மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறார். ஓடுகிறேன்.

உங்கள்
பூங்காவனம்