சும்மா நிற்கும் வரி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? என் செல்ல மகள் வாலுவுக்குச் சளி விட்டதா? நான் சௌக்கியம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. கணினியை ஓட்டும் எங்கள் இயங்குதளத்தைப் புதுக் கம்பைலரில் கட்டினோம். நாங்கள் எழுதுவதை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலர். ஒரு பிழையும் சொல்லாமல் கட்டி முடித்தது. ஓடவிட்டால் திரை கறுப்பு. அதில் என் முகம் மட்டும் குளத்தில் தெரிவது போல மிதந்தது. "என்னடி, உன் புது மருமக வாயே திறக்க மாட்டேங்குறா?" என்று புதுக் கம்பைலரைச் சொல்லிப் பக்கத்து மேசை அக்காவுக்குச் சிரிப்பு.

திரை விழிக்கும் வரை 'தயாரா, தயாரா' என்று கேட்டுக்கொண்டே நிற்கும் வரி ஒன்று நாங்கள் எழுதியதில் உண்டு. பழைய கம்பைலர் அதை விட்டுவைத்திருந்தது. புது மருமகள் மகா கெட்டிக்காரி. சும்மாதானே நிற்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டாள். 'இதில் கை வைக்காதே' என்று அர்த்தமாகும் ஒரு சொல்லை அந்த வரியோடு சேர்த்தேன். தூங்கி எழும் பிள்ளை கண் திறப்பது போல, இருட்டிலிருந்து எழுத்துகள் மெல்ல வந்தன. எனக்கு ஏனோ கண் நிறைந்துவிட்டது.

அப்பா, ஒரு சின்ன உதவி. நான் வீடியோவில் கூப்பிட்டால் வாலு பேசாமல் நிற்கிறாள். என் முகம் மறந்துபோகிறதோ என்று பயமாக இருக்கிறது. நீங்களும் "பேச மாட்டேங்குறாம்மா, வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். இனி வைக்காதீர்கள். அவள் விளையாடும் இடத்தில் போனைச் சாய்த்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நான் சும்மா இருப்பேன். தயாரானதும் அவளே வருவாள்.

கண் சொக்குகிறது. மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மகள்